ஆகாய உபயம்

அடிவாரம் மயில்சாமி ஐயா எதைக் கொடுத்தாலும் அதில் அவர் பெயர் இருக்கும். பழனியில் ஒரு மண்டபத்துக்கு அவர் கொடுத்த மின்விசிறிகள் ஓடாமல் நிற்கும்போதுதான் அவருக்குத் திருப்தி. அப்போதுதான் மூன்று இறக்கையிலும் எழுதியிருப்பதைப் படிக்க முடியும். தண்ணீர்த் தொட்டி, செருப்பு வைக்கும் அலமாரி, முடியிறக்கிவிட்டு வந்து உட்காரும் பெஞ்சு, எல்லாம் 'மயில்சாமி உபயம்'. பெஞ்சில் எழுத்தைப் புடைப்பாக வேறு செதுக்கச் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் அவர் பெயர் பதிந்துவிடும். இதைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. எனக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர்.

என் பெயர் சௌம்யா. தொழில், விமானம் ஓட்டுவது. பைலட் படிப்பு முடித்தால் பெரிய கம்பெனி விமானத்தில் வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாகப் பறப்பேன் என்று வீட்டில் நினைத்தார்கள். பெரிய கம்பெனிகளுக்கு அப்படி எந்த எண்ணமும் வரவில்லை. மயில்சாமி ஐயாவுக்கு வந்தது. மூடிப்போன ஒரு பயிற்சிப் பள்ளி ஏலத்தில் விட்ட சின்ன விமானத்தை அவர் வாங்கியிருந்தார். நான்கு இருக்கை, ஒரே எஞ்சின், வயதில் எனக்கு மூத்தது. ஆயக்குடிப் பக்கம் ஒரு மில்காரர் ஆசைப்பட்டுக் கட்டி, பிறகு ஆசை தீர்ந்து கைவிட்ட ஓடுதளத்தில் அதை நிறுத்தி வைத்திருந்தார். அடிவாரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். விமானம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அந்த வித்தியாசத்தை ஊருக்குக் காட்டுவது விமானத்தின் வேலை. அதை மேலே கொண்டுபோய் விழாமல் கீழே கொண்டுவருவது என் வேலை.

ஊரில் என்னை 'மயில்சாமி பிளேன் டிரைவர்' என்பார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, வண்டி கியரா ஆட்டோமேட்டிக்கா என்பது. மாப்பிள்ளைக்கு இரண்டுமே ஓட்டத் தெரியாது.

அந்த வருடம் வில்பட்டியில் கும்பாபிஷேகம். வில்பட்டி ஐயாவின் மாமனார் ஊர், மலைமேல் பூண்டும் கேரட்டும் விளைகிற ஊர். ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கள் முருகன் கோயிலைப் புதுப்பித்திருந்தார்கள். இந்த மாதிரி நாளில் பெரிய மனிதர் என்று ஒருவரைத் தேர்ந்து, கோயில் மரியாதையாக அவர் தலையில் பட்டுத்துணி கட்டுவார்கள். அதுதான் பரிவட்டம். போன திருவிழாவில் அதை ஒரு பூண்டு மண்டிக்காரருக்குக் கட்டிவிட்டார்கள். ஐயா பந்தியில் கைநனைக்காமல் மலையிறங்கி வந்துவிட்டார். அதற்குப் பிறகு மைத்துனர் கதிர்வேலுக்கு இவர் கொடுத்த தொல்லை கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் கதிர்வேல் கமிட்டியில் பேசி ஒரு வழி பண்ணினார். கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் மச்சான் வானத்திலிருந்து பூமாரி பொழியட்டும், பரிவட்டம் அவருக்குத்தான் என்று முடிவாயிற்று.

பூவைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி, காரில் மலையேறி, மதியப் பூஜைக்குள் போய்த் தலையைக் காட்டுவது ஐயாவின் திட்டம். ஊர்க்காரர்கள் வாங்கும் துணி மட்டமாக இருந்துவிடும் என்று அவரே ஒரு நல்ல பட்டுத்துணி வாங்கி மடியில் வைத்திருந்தார். மரியாதையை அடுத்தவர் கொடுக்க வேண்டும், ஆனால் துணியின் தரத்தை அவர்களை நம்பி விட முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், தலையில் கட்டுகிற ஒரு துணிக்காக மூன்று பேர் சாகவிருந்தோம். அந்த மூவரில் நானும் ஒருத்தி என்பதால்தான் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

அன்று வெள்ளனவே எழுந்து விமானத்தை முழுக்கச் சோதித்தேன். எண்ணெய், பெட்ரோல், சக்கரம், இறக்கை, எல்லாம் சரி. பூ மூட்டைகளை எடைபோட்டேன். நிலக்கோட்டைச் சந்தையிலிருந்து வந்த செவ்வந்தி, உதிரியாக, சாக்குச் சாக்காக. "நீ போயி நாலு இட்லி சாப்பிட்டு வா பாப்பா, மூட்டைய நாங்க ஏத்திக்கிறோம்" என்றார் ஐயா. அவர் என் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பசிதான் வந்தது.

திரும்பி வந்தபோது சாம்பிராணி போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக இருந்தார்கள். ஐயா என் பக்கத்தில் முன்னிருக்கையில். அவர் மனைவி சண்முகவள்ளி அம்மா பின்னிருக்கையில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே. வள்ளியம்மா அதிகம் பேசமாட்டார். அவர் பேசத் தொடங்கினால் ஐயா முடித்துவைப்பார், ஐயா பேசத் தொடங்கினால் யாராலும் முடித்துவைக்க முடியாது. அப்படியே பல வருடம் ஓடிவிட்ட குடும்பம்.

மேலே ஏறியது நன்றாகத்தான் இருந்தது. சமவெளியில் வட்டமடித்து உயரம் பிடித்து, பழனியிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் மலைச்சாலையின் வளைவுகளைப் பார்த்துக்கொண்டே தெற்கே போனேன். ஐயா கீழே தெரிந்த ஒவ்வொரு ஊரிலும் தனக்கு யார் யாரைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அட்டுவம்பட்டி வீடுகள் தூரத்தில் தெரிந்தன. பள்ளத்தாக்கில் மேகம் கிடந்தது, ஆனால் வில்பட்டிக்கு மேலே வானம் திறந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அப்போது ஐயா பின்னால் திரும்பித் தலையை அசைத்தார். வள்ளியம்மா குனிந்து எதையோ அழுத்தினார். என் முதுகுக்குப் பின்னாலிருந்து நாதஸ்வரம் வெடித்துக் கிளம்பியது. காதில் ஹெட்போன் மாட்டியிருந்தும் பல் கூசியது. நாதஸ்வரம் நின்றதும், திருவிழாவில் காணாமல் போன குழந்தையை அறிவிக்கிற அதே கணீர்க் குரலில் ஒருவர் முழங்கினார்.

"வானிலிருந்து மலர்மாரி பொழிய வருபவர், அடிவாரம் மயில்சாமி அவர்கள், அவர்கள், அவர்கள்."

எக்கோ வைத்துப் பதிவு செய்திருந்தார்கள்.

"என்னங்கய்யா இது?"

"மைக்செட்டு பாப்பா. குழாய ஜன்னல்ல புடிச்சா கீழ ஊரே கேக்கும். பூ யாரு போடுறாகன்னு தெரிய வேணாமா?"

பூப் போட அனுமதி வாங்கியிருந்தோம். இதற்கு வாங்கவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், என் முன்னால் இருந்த சின்ன முள். பேட்டரிக்கு மின்சாரம் வருகிறதா, பேட்டரியிலிருந்து போகிறதா என்று காட்டுகிற முள் அது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரிக்கும், முள் நடுவில் நிம்மதியாக நிற்கும். இப்போது அது இடது கோடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்கு மூத்த அந்த ஆல்டர்னேட்டர், கச்சேரிக்கு மின்சாரம் கொடுக்கத் தனக்குத் தெம்பில்லை என்று கையை விரித்துவிட்டது.

இதற்கெல்லாம் முறை இருக்கிறது. ஆல்டர்னேட்டரை அணைத்து ஒரு தடவை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். போட்டேன், சிவப்பு விளக்கு அசையவில்லை. அடுத்து, தேவையில்லாத விளக்குகள், இரண்டாவது ரேடியோ என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும். அணைத்தேன். முள் இடது கோடியை விட்டு நகரவே இல்லை. "அம்மா, அந்தப் பாட்ட நிறுத்துங்க" என்றேன். வள்ளியம்மா குனிந்து தேடினார். இதற்குள் காற்றில் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியதில் மைக்செட் பெட்டி மூட்டைகளுக்கு அடியில் நழுவிப் போயிருந்தது. கைக்கு எட்டவில்லை.

"மயில்சாமி அவர்கள், அவர்கள், அவர்கள்."

"ஏங்க, என்னமோ பொசுங்குதுங்க" என்றார் வள்ளியம்மா.

"சாம்பிராணி வாசம் வள்ளி" என்றார் ஐயா.

சாம்பிராணி இல்லை. வயரின் ரப்பர் தோல் உருகும் நாற்றம் அது, ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பின்னால் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து மெல்லிய புகை எழும்பி வந்தது. சின்ன விமானத்தில் எஞ்சின் நின்றால்கூட மிதந்து வந்து எங்கேயாவது இறக்கலாம். தீப் பிடித்தால் இறங்குவதற்குள் இறக்குவதற்கு ஆளே மிஞ்சாது. மலையில் இறங்க இடமும் கிடையாது. கீழே பைன் காடு, அதை விட்டால் படிப்படியாக வெட்டிய பூண்டு வயல், அதை விட்டால் பாறை.

மதுரைக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். உள்ளே புகை, மின்கோளாறு, திரும்புகிறேன், ரேடியோவை அணைக்கப் போகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கத்துக் குரல் பதறாமல் சரி என்றது. பிறகு சிவப்பு மாஸ்டர் சுவிட்சை அணைத்தேன். விமானத்தின் மொத்த மின்சாரத்துக்கும் அதுதான் வாசல். ரேடியோ செத்தது. விளக்குகள் செத்தன. பெட்ரோல் அளவு காட்டும் முள் அடிக்கோட்டுக்கு இறங்கியது. ஹெட்போனில் அமைதி.

"அடிவாரம் மயில்சாமி அவர்கள், அவர்கள், அவர்கள்."

விமானத்தில் எல்லாம் அணைந்த பிறகும் அவர் பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. புகையும் நிற்கவில்லை.

ஐயாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது, அதுவும் தப்பான இடத்தில். "என்ன பாப்பா, எல்லாத்தையும் அணைச்சுட்ட, வண்டி நின்னுராதா?" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி மாஸ்டர் சுவிட்சைத் திரும்பப் போட்டார். லாட்ஜில் ஃபேன் நின்றால் சுவிட்சை நாலு தட்டுத் தட்டுவார்களே, அதே கை. ஓங்கி ஒரு அடி வைத்தேன். அவர் மோதிரம் என் விரலில் பட்டு எனக்குத்தான் வலித்தது. சுவிட்சை மறுபடி அணைத்தேன்.

"நிக்காது. இந்த எஞ்சினுக்குப் பேட்டரி வேணாம், தன் பொறிய அதுவே தயார் பண்ணிக்கும். நீங்க கைய மடியில வைங்க."

இதுவரை யாரும் அவரிடம் கையை மடியில் வைக்கச் சொன்னதில்லை போலிருக்கிறது. வைத்துக்கொண்டார்.

"இந்த மைக்செட்டுக்கு எங்கருந்து கரண்டு எடுத்தீங்க?"

"அதெல்லாம் மைக்செட்காரன் பாத்துக்கிட்டான்."

"எங்கருந்துன்னு கேட்டேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "பேட்டரில நேரா குடுத்துட்டான். சுவிட்ச் வழியா குடுத்தா நீ பாதில அணைச்சுப்புடுவேன்னு நாந்தான் சொன்னேன்."

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தால் அச்சில் போடமாட்டார்கள். நான் அணைத்துவிடுவேன் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார். ஏன் அணைப்பேன் என்று மட்டும் யோசிக்கவில்லை. பந்தலில் சீரியல் லைட் போடுகிறவர்கள் கம்பத்தில் கொக்கி மாட்டி மின்சாரம் எடுப்பார்களே, அதையே ஆகாயத்தில் செய்து வைத்திருக்கிறார். அந்த வயருக்கு ஃபியூஸ் கிடையாது, சுவிட்ச் கிடையாது. பேட்டரி இருந்தது பின்னிருக்கைக்குப் பின்னால், சாமான் வைக்கிற பள்ளத்தில், அத்தனை சாக்குக்கும் அடியில். வயரைப் பேட்டரியிலிருந்து பிடுங்கினால் ஒழிய அது எரிவது நிற்காது.

நான் கையை விட முடியாது. விமானத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன், பள்ளத்தாக்கு மேகம் மேலே எழும்பத் தொடங்கியிருந்தது. ஐயாவால் தலையைத்தான் திருப்ப முடியும், உடம்பைத் திருப்ப இடம் போதாது, வயிறு இடித்தது. மிச்சம் ஒருவர்தான்.

"அம்மா, மூட்டைய ஒதுக்கணும். ஒண்ண முன்னாடி தள்ளுங்க. ஐயா, ஜன்னலத் தொறந்து பூவக் கொட்டுங்க. சாக்க வெளிய விட்றாதீங்க, வால்ல மாட்டுனா முடிஞ்சோம்."

"இங்க கொட்டவா? வில்பட்டி அந்தா தெரியுது பாப்பா. ஒரு வட்டம் போட்டுட்டு..."

"கொட்டுங்க."

கொட்டினார். செவ்வந்தி பாதி வெளியே போனது, பாதி காற்றில் திரும்பி எங்கள் மூஞ்சியில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வாய்க்குள் பூ. கீழே பைன் காட்டின் ஓரம் இரண்டு காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அன்று வானிலிருந்து மலர்மாரி பெற்றவை அவைதாம், அவை தலையைக்கூடத் தூக்கவில்லை. ஐயாவின் கண் கலங்கியிருந்தது. புகையாலா பூவாலா என்று நான் விசாரிக்கவில்லை.

ஒரு மூட்டை காலியானதும் மற்றவற்றைத் தள்ள இடம் கிடைத்தது. வள்ளியம்மா இருக்கையில் முழங்கால் போட்டுப் பின்பக்கம் குனிந்தார்.

"தெரியுது கண்ணு. செவப்பு வயரு. பேட்டரி மூடில மாட்டிக்கிட்டுக் கெடக்கு. கிளிப்பு பழுக்கக் காஞ்சுபோயிருக்கு."

"வெறுங்கையாலத் தொடாதீங்க. துணி எதாச்சும் சுத்திக்கிட்டுப் புடுங்குங்க. ஒரே இழுப்பு. இழுத்த முனை வேற எதுலயும் படக்கூடாது."

துணி தேடினார். அவர் கட்டியிருந்தது நைலான் கலந்த சேலை, சாக்குகளும் பிளாஸ்டிக், இரண்டும் உருகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். அவர் பார்வை ஐயாவின் மடிக்கு வந்தது.

"வள்ளி, அது பரிவட்டப் பட்டு." ஐயா அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "புடுங்க வேணாம் வள்ளி. சொன்னாக் கேளு. லேசாத்தான பொகையுது. இந்தா பக்கத்துலதான வில்பட்டி. ரெண்டு நிமிசம். பூ இன்னும் மூணு சாக்கு இருக்கு. எல்லாத்தையும் முடிச்சுட்டுக் கீழ போயிப் பாத்துக்கலாம்."

அந்த அம்மா அப்படியே நின்றார். முழங்காலில், புகைக்குள், பாதி திரும்பியபடி. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடிந்திருந்தால் கெஞ்சியிருப்பேன். அவர் புருஷன் சொன்னதைக் கேட்டால் நாங்கள் மூன்று பேரும் போய்ச் சேர வேண்டியதுதான், என் ஓட்டும் திறமை எதற்கும் ஆகாது. இத்தனை வருடத்தில் அவர் அந்த மனுஷன் பேச்சைத் தட்டி நான் பார்த்ததில்லை.

"அம்மா, அது தீயாயிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்கதான்" என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

"மயில்சாமி அவர்கள், அவர்கள், அவர்கள்" என்றது பெட்டி.

ஒரு கை இருக்கைகளுக்கு நடுவில் வந்தது. ஐயாவின் மடியிலிருந்து பட்டுத்துணியை உருவியது. அவர் விடவில்லை. அந்தக் கை இன்னொரு தடவை, பலமாக இழுத்தது. பட்டு போனது.

பின்னால் சடசடவென்று பொறி. "அடிவாரம் மயில்சா" என்று பெட்டி பாதியில் நின்றது.

என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான அமைதியைக் கேட்டதில்லை. எஞ்சின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"புடுங்கிட்டேன்" என்றார் வள்ளியம்மா. "பட்டுலயே சுத்தித் தனியா வச்சுட்டேன்."

"பொக?"

"கொறையுது."

ஜன்னல்களை முழுக்கத் திறந்தேன். புகை போனது, உள்ளே சிதறிக் கிடந்த பூவும் அதோடு போனது. இப்போது மாஸ்டரைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாமா, ரேடியோ கிடைக்குமே என்று ஒரு நப்பாசை வரும். எரிந்த வயர் வேறு எதை எரித்து வைத்திருக்கிறது என்று தெரியாதபோது அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக்கூடாது. கொடுக்கவில்லை. வேகம் காட்டும் கருவிக்கும் உயரம் காட்டும் கருவிக்கும் மின்சாரம் தேவையில்லை. திசைகாட்டி எப்போதும் போல ஆடிக்கொண்டே வடக்கைச் சொன்னது. அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா என்று கேட்காதீர்கள்.

மேகம் ஏறி வந்துவிட்டது. பழனிப் பக்கம் இறங்கும் இடைவெளி ஒரு கதவு அளவுக்குத் தெரிந்தது. அதற்குள் நுழைந்தேன். ஒரு பக்கம் வெள்ளை, இன்னொரு பக்கம் ஈரப்பாறை, நடுவில் நாங்கள். ஐயா முருகன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். அன்று காலையிலிருந்து அவர் சாமி பெயரைச் சொன்னது அப்போதுதான்.

மேகத்துக்குக் கீழே வந்ததும் சமவெளி பளிச்சென்று விரிந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். இறங்குகிற சோலி இன்னும் பாக்கி. இறங்கும்போது வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்பக்கம் மடல்கள் இறங்க வேண்டும், அவற்றை இறக்குவது மின்சார மோட்டார். அது இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாக இறங்கி, ஓடுதளம் முழுவதையும் ஓடித்தான் நிறுத்த வேண்டும். முழு ஓடுதளம் இருந்தது உண்மைதான். அதில் கால்வாசியில் யாரோ மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். விமானம் போனால் மதியம் வரை வராது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

தாழப் பறந்து ஒரு தடவை மேலே போனேன். இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கையசைத்தார்கள்.

"டாட்டா காட்டுறாக" என்றார் ஐயா.

"வெலகச் சொல்லுங்க."

இன்னொரு தடவை, சோளத்தைத் தொடுகிற உயரத்தில் போனேன். இந்த முறை புரிந்துகொண்டு சேலையைத் தூக்கிச் செருகியபடி ஓடினார்கள். சோளம் ஓடவில்லை. வள்ளியம்மாவை இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொள்ளச் சொன்னேன், ஐயாவைக் கையை மடியில் வைக்கச் சொன்னேன், இறக்கினேன். சக்கரம் தொட்டதும் பிரேக்கை மிதித்தேன். சோளத்தில் ஏறியபோது விமானம் வழுக்கி இடது பக்கம் இழுத்தது. காலால் எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்தேன். மில்காரர் கட்டிய முள்வேலி வளர்ந்துகொண்டே வந்து, மூக்குக்கு முன்னால் நின்றது.

எஞ்சினை அணைத்தேன். இறங்கினேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன். உயிரோடு இருப்பது அவ்வளவு பிடித்திருந்தது.

வள்ளியம்மா தானாக இறங்கி வந்தார். வலது உள்ளங்கை கன்றிப் போயிருந்தது, இரண்டு விரலில் தோல் வழன்றிருந்தது. முதலுதவிப் பெட்டியை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கட்டுப் போட்டேன். "வலிக்குதாம்மா?" என்றேன். "இப்பத்தான் வலிக்குது" என்றார்.

ஐயா கடைசியாக இறங்கினார். கருகிய பட்டுத்துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக அந்தப் பக்கம் மலை தெரிந்தது. அவர் மனைவி கையைப் பார்ப்பதற்குள் போன் அடித்துவிட்டது. ஐயா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், பேசுவது நாலு பேருக்குக் கேட்காவிட்டால் அவருக்குப் பேசிய மாதிரி இருக்காது.

"மச்சான், எங்க இருக்கீக?" கதிர்வேலின் குரல். பின்னால் மேளச் சத்தம். "கருடன் வந்து வட்டம் போட்டுருச்சு. கலசத்துல தண்ணி ஊத்தியாச்சு. பூவுதான் வரல. கமிட்டில கேக்குறாக, என்ன சொல்ல?"

ஐயா தொண்டையைச் செருமினார். மலையைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அத ஏன் கேக்குற கதிரு. வில்பட்டி வரைக்கும் வந்துட்டோம். வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த பைலட் பாப்பா பயந்துருச்சு. மேகத்தப் பாத்ததும் திருப்பிருச்சு. பொம்பளப் புள்ளதான. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்."

"அப்பவே சொன்னேன் மச்சான், ஆம்பள ஆளாப் போடுங்கன்னு."

இன்று வில்பட்டியில் சொன்னால் நாளைக்குப் பழனியில் தெரியும். நாளை மறுநாள், விமானம் வைத்திருக்கிற, வைக்க நினைக்கிற எல்லோருக்கும் தெரியும். மேகத்தைப் பார்த்துப் பயந்த பெண் என்று ஒரு தடவை பெயர் விழுந்தால் யாரும் தன் விமானத்தைத் தொடவிடமாட்டார்கள். நான் வாயைத் திறந்தேன்.

வள்ளியம்மா இடது கையை நீட்டி அவர் கையிலிருந்து போனை எடுத்தார். ஐயா ஏதோ சொல்லப் போனார். அந்த அம்மா கட்டுப் போட்ட கையை லேசாகத் தூக்கினார், பொறு என்பதுபோல.

"ஏலே கதிரு, அக்கா பேசுறேன்."

"சொல்லுக்கா."

"ஒங்க மச்சான் பேட்டரில நேரா வயரக் குடுத்து வண்டிக்குள்ள பொக வந்துருச்சு. பொகைக்குள்ளயும் வில்பட்டிக்குப் போ, வில்பட்டிக்குப் போன்னாரு. அந்தப் புள்ள பயந்துச்சு, அது நெசந்தான். நானும்தான் பயந்தேன், நான் வாயத் தொறக்கல. அது தொறந்துச்சு. அதனாலதான் இப்ப ஒங்கூடப் பேச எனக்கு உசுரு இருக்கு."

"அப்பப் பரிவட்டம் யாருக்குக்கா?" என்றார் கதிர்வேல்.

"பரிவட்டத்த யாருக்கு வேணாலும் கட்டிக்கங்க" என்றார் வள்ளியம்மா. "இங்க கட்டுறதுக்குத் தலைய மிச்சம் வச்சதே இவதான்."

போனை ஐயாவின் கையில் திரும்ப வைத்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார்.